ஒவ்வொரு சிடிக்கும் ஒரு எண்

கிளை நூலகத்தில் ஒரே நாவல் மூன்று பிரதி வந்தால் பதிவேட்டில் மூன்று எண் ஏறும். ஒன்றில் அட்டை கிழிந்திருக்கும், இன்னொன்றில் நடுவே பதினாறு பக்கம் இருக்காது. எந்தப் பிரதி எந்த நிலையில் இருக்கிறது என்று எண்ணை வைத்தே சொல்லிவிடலாம். பணி ஓய்வு பெற்ற நூலகன் நான். வீட்டு அலமாரியில் கிடக்கும் சினிமா சிடிகளின் பட்டியலைக் கணினியில் ஏற்றும்போது இதே முறையைத்தான் பிடிவாதமாகக் கடைப்பிடிக்கிறேன். மென்பொருள்கள் கேட்பது என்னவோ படத்தின் பெயரை மட்டும்தான்.

நான் வைத்திருப்பது டெலிகோ என்ற பட்டியல் மென்பொருள். லினக்ஸில் ஓடும், காசு கிடையாது. பெயரைக் கொடுத்தால் இணையத்தில் தேடி இயக்குநர், நடிகர்கள், ஆண்டு, போஸ்டர் எல்லாவற்றையும் தானே நிரப்பிவிடும். அதைப் பார்த்து மயங்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' மூன்று மணி நேரத்துக்குச் சற்றே குறைவான படம். ஒரு விசிடியில் 74 நிமிடம் அடங்கும், இழுத்துப் பிடித்தால் 80. அப்படியானால் நியாயமாக மூன்று சிடி வேண்டும். செலவை மிச்சம் பிடிக்க நினைத்தவர்கள் நீளமான படங்களை வெட்டி இரண்டில் அடைத்தார்கள். என்னிடம் இருப்பது அப்படிப்பட்ட இரண்டு சிடி செட். இணையம் நிரப்பித் தந்த பதிவோ முழு நீளத்தையும் காட்டுகிறது. அந்தப் பதிவு படத்துக்குச் சரி, என் அலமாரிக்குப் பொய். ஆகவே சிடியைப் போட்டு ஓடவிட்டு, உண்மையான நிமிடங்களையும் விட்டுப்போன பாட்டையும் நானே எழுதுகிறேன்.

பெயர்க் குழப்பம் தனிக் கதை. 'பில்லா' 1980-இலும் உண்டு, 2007-இலும் உண்டு. 'பொல்லாதவன்' கதையும் அதே, ஆண்டுகள்கூட அவையேதான். ஆண்டைப் பார்க்காமல் முதலில் வந்ததைச் சொடுக்கினால் ரஜினி படத்துக்கு அஜித் போஸ்டர் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு வேடிக்கை: ஆட்களின் பெயரைக் கடைசிச் சொல்லை முன்னே போட்டு அடுக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. மேல்நாட்டுக் குடும்பப் பெயர்களுக்கு ஏற்ற ஏற்பாடு. அதை இயக்கினால் சிவாஜியும் ஜெமினியும் 'கணேசன்' வீட்டு அண்ணன் தம்பிகளாகிவிடுவார்கள். முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள். பின்னணி பாடியவர்களுக்குக் கட்டமே கிடையாது. தமிழ்ப் படத்துக்கு அது இல்லாமல் எப்படி? நல்லவேளை, புதுக் கட்டம் சேர்த்துக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறார்கள்.

இத்தனை பாடு எதற்கு, எல்லாம்தான் ஓடிடியில் கிடைக்கிறதே என்பார்கள். உரிமக் காலம் முடிந்ததும் அங்கே படம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். 2007-இல் மோசர் பேயர் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொடுத்தபோது வாங்கிப் போட்டவை இன்னும் என் வீட்டில் ஓடுகின்றன. அந்த நிறுவனமே 2018-இல் கலைப்புக்குப் போய்விட்டது. ஆனால் சிடியும் சாகாவரம் பெற்றதல்ல. ஈரப்பதத்தில் பூச்சு கெடும். ஆகவே 'கடைசியாக ஓட்டிப் பார்த்த தேதி' என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். இரவல் போனதைக் குறிக்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள். சொந்தக்காரர்கள்தான் இரண்டாவது சிடியைத் திருப்பித் தர மறப்பவர்கள்.

எந்தத் தளமும் விவரம் தராத சிடிகள் சில எல்லா வீட்டிலும் இருக்கும்: கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம். உறையில் ஸ்டூடியோவின் பெயரும் பெண் மாப்பிள்ளை படமும் மட்டும். யாருடைய மண்டபம், எந்த வருஷம், பந்தியில் சிரிப்பவர் யார் என்பதெல்லாம் பெரியவர்களுக்குத்தான் தெரியும். சினிமாவுக்கு முன்னால் இவற்றை முடிக்க வேண்டும் என்பேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, 'நடிகர்கள்' என்ற கட்டத்தில் ஒவ்வொரு பெயராக அடிக்கிறேன். சீர் வரிசைக்கு வராமல் கோபித்துக்கொண்ட பெரிய மாமாவின் பெயரையும் போடச் சொல்கிறாள். அவர்தான் படத்தில் இல்லையே என்றால், "அவரால்தானே தாலி கட்ட நேரமாச்சு, போடு" என்கிறாள்.