யோசனைக்கு என்ன விலை?

லேக் கார்டன்ஸ் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் விளக்குக் கம்பங்களுக்குப் பஞ்சமில்லை. முன்பெல்லாம் அவற்றில் கணக்கு டியூஷனும் பேயிங் கெஸ்ட் அறையும்தான் இடம் பிடித்திருக்கும். சில வருடங்களாகப் புது ரகம் ஒன்று சேர்ந்திருக்கிறது: 'உத்யம், ஜி.எஸ்.டி., ஃபுட் லைசென்ஸ், லோன் - எல்லாம் ஒரே இடத்தில்.' கீழே கைபேசி எண். ஊரில் எத்தனை பேர் வீட்டிலிருந்தபடியே ஏதாவது விற்கக் கிளம்பியிருக்கிறார்கள் என்பதற்கு இந்த நோட்டீஸ்களே சாட்சி. அவர்களில் எத்தனை பேர் பயந்துபோயிருக்கிறார்கள் என்பதற்கும்தான்.

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் மாமி அப்படி ஒரு எண்ணைக் கூப்பிட்டார். கணவரின் கம்பெனியில் சம்பளம் மூன்று மாதமாகப் பாதிதான் வருகிறது. மாமியிடம் ரூ. 40,000 சேமிப்பு உண்டு. வங்கியில் இன்னொரு 40,000 வாங்கி இட்லி மாவு அரைத்து லேக் மார்க்கெட் கடைகளுக்குப் போடலாம் என்று எண்ணம். ஆலோசகர் நேரில் வந்தார், காபி சாப்பிட்டார், ஒரு பட்டியல் கொடுத்தார். அதை மாமி என்னிடம் கொண்டுவந்தார். மொழிபெயர்ப்பவன் என்று தெரிந்தால் ஆங்கிலத்தில் அச்சடித்த எதுவும் நம் வீட்டுக் கதவைத் தட்டும். அது தொழில் தர்மம்.

"இதுல எது வேணும், எது வேண்டாம்னு மட்டும் சொல்லுங்கோ" என்றார்.

பட்டியல் இது: உத்யம் பதிவு ரூ. 2,500. உணவுப் பாதுகாப்புப் பதிவு ரூ. 3,500. ஜி.எஸ்.டி. பதிவு ரூ. 4,000. புராஜெக்ட் ரிப்போர்ட் ரூ. 8,000. ஆக மொத்தம் ரூ. 18,000. ஒரு கிலோ அரிசி நனைவதற்கு முன்பே சேமிப்பில் ஏறக்குறைய பாதி.

ஒவ்வொன்றாகப் பார்த்தோம். உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அரசின் இணையதளத்தில் ஆதார் எண்ணைக் கொடுத்து நாமே செய்துகொள்ளலாம். கட்டணம் ஒரு பைசாகூடக் கிடையாது. அரசு தளம் போலவே தோற்றமளித்துப் பணம் கேட்கும் போலித் தளங்கள் உண்டு; பணம் கேட்டால் அது அரசு தளம் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். உணவுப் பதிவுக்கு, 2011 விதிமுறைகள் வந்தபோது, ஆண்டுக்கு ரூ. 12 லட்சத்துக்குள் விற்பவருக்கு வருடத்துக்கு ரூ. 100 என்று கட்டணம் வைத்தார்கள். வரம்பும் கட்டணமும் அவ்வப்போது திருத்தப்படுபவை. விண்ணப்பிக்கும் நாளில் அந்தத் தளத்திலேயே பார்த்துக்கொள்வது நல்லது. ஜி.எஸ்.டி.யில் பொருள் விற்பவர்களுக்கான வரம்பு 2019 ஏப்ரலில் ரூ. 40 லட்சமாக உயர்ந்தது. மாநிலத்துக்குள்ளேயே மாவு விற்கும் மாமி அந்த வரம்பைத் தொட தினமும் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் விற்க வேண்டும். தொட்டால் நான் முதல் ஆளாக ஆலோசகருக்கு போன் செய்வேன்.

புராஜெக்ட் ரிப்போர்ட்? 2015 ஏப்ரலில் தொடங்கிய முத்ரா திட்டத்தில் ரூ. 50,000 வரையிலான கடனுக்கு 'சிசு' என்று பெயர். ஈடு வேண்டியதில்லை, விண்ணப்பமும் சின்னது. விரிவான அறிக்கை எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டால், கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் இணையதளத்தில் அப்பளம், மசாலாப் பொடி உள்படப் பல தொழில்களுக்கு மாதிரி அறிக்கைகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

வேடிக்கை என்னவென்றால், உண்மையிலேயே தேவைப்படக்கூடிய ஒன்று பட்டியலில் இல்லை. கொல்கத்தா மாநகராட்சியின் டிரேட் லைசென்ஸ், அதாவது 'சர்டிஃபிகேட் ஆஃப் என்லிஸ்ட்மென்ட்'. வாடகை வீட்டில் வியாபாரம் செய்ய வீட்டுக்காரர் சம்மதிப்பாரா, கிரைண்டர் ஓடுவதை வீட்டு மீட்டரில் சேர்க்கலாமா, தனி மீட்டர் வேண்டுமா என்பதும் இல்லை. மாவு எத்தனை நாள் தாங்கும் என்று அந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இலவச யோசனைகளும் வந்தன. கிரைண்டர் கடைக்காரர் கோயம்புத்தூர் டில்டிங் கிரைண்டர், பத்து லிட்டருக்குக் குறைந்து வாங்கவே கூடாது என்றார். பாக்கெட் அச்சடிப்பவர் ஐயாயிரத்துக்குக் கீழே கட்டுப்படியாகாது என்றார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இலவச யோசனை எந்தப் பொருளோடு சேர்ந்து வருகிறது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சோப்போடு வரும் டம்ளர் மாதிரிதான் அது.

எல்லோரையும்விட உபயோகமாகப் பேசியவர் லேக் மார்க்கெட்டில் அப்பளம், காபிப் பொடி விற்கும் ஒரு கடைக்காரர். அவரிடம் "என் மாவை எடுத்துப்பேளா?" என்று கேட்காதீர்கள், "போன வாரம் எத்தனை பாக்கெட் திரும்பிப் போச்சு?" என்று கேளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். எடுத்துக்கொள்வதாக யாரும் சொல்லிவிடுவார்கள். விற்காததைத் திருப்பி விடலாம் என்ற தைரியம் அது. திரும்பியதைக் கேட்டதும் மனிதர் மடை திறந்தார். மே, ஜூன் புழுக்கத்தில் கடைக்கு வந்த மதியமே பாக்கெட் உப்பி நிற்கும். ஜனவரியில் மாவு பொங்காது, வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். சனிக்கிழமை போவதில் பாதிகூட செவ்வாய்க்கிழமை போகாது. வங்காளிகள் தோசைக்கு வாங்குகிறார்கள், இட்லிக்கு அல்ல. அதனால் கொஞ்சம் தளர அரைத்தால் நல்லது. எந்த புராஜெக்ட் ரிப்போர்ட்டிலும் இருக்காத தகவல்கள். விலை, கால் மணி நேரம் நின்றது. மாமி பத்து லிட்டர் கிரைண்டரை மறந்துவிட்டு, வீட்டிலிருந்த இரண்டு லிட்டரிலேயே தினம் பன்னிரண்டு பாக்கெட் போட ஆரம்பித்தார். வங்கிக் கடன் பேச்சை மூன்று மாதத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்.

நல்ல யோசனை எவ்வளவு எளிமையாக இருக்க முடியும் என்பதற்கு லிஜ்ஜத் அப்பளத்தின் கதை இருக்கிறது. 1959 மார்ச் 15 அன்று பம்பாய் கிர்காமில் ஒரு மொட்டை மாடியில் ஏழு பெண்கள் கூடி நான்கு பாக்கெட் அப்பளம் இட்டார்கள். கடனாக வாங்கிய எண்பது ரூபாய்தான் முதல். கொடுத்தவர் சகன்லால் கரம்சி பாரேக் என்ற சமூக சேவகர். எண்பது ரூபாயைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். கூடவே அவர் கொடுத்த யோசனையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆரம்பத்தில் அந்தப் பெண்கள் இரண்டு தரத்தில் அப்பளம் செய்தார்கள். மட்டமானதை மலிவாக விற்கலாம் என்று நினைத்தார்கள். பாரேக் தடுத்தார். ஒரே தரம்தான் இருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது, கணக்கை ஒழுங்காக எழுத வேண்டும், தர்ம காரியமாக இல்லாமல் வியாபாரமாக நடத்த வேண்டும் என்றார். அவ்வளவுதான். இன்று அந்த அமைப்பில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாரேக்கின் யோசனைக்கு விற்க ஒரு பொருளும் இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அப்படிப்பட்ட யோசனையை அரசே கொடுக்க வேண்டும் என்று இந்த நாடு எப்போதோ முடிவு செய்துவிட்டது. ஃபோர்டு அறக்கட்டளை அனுப்பிய நிபுணர் குழுவின் பரிந்துரைப்படி சிறுதொழில் வளர்ச்சி அமைப்பு 1954இல் உருவானது. அதன் சேவை நிலையங்களுக்கு இப்போது எம்.எஸ்.எம்.இ. வளர்ச்சி மற்றும் உதவி அலுவலகம் என்று பெயர். கொல்கத்தாவில் அது பி.டி. ரோடில், பன்ஹூக்ளியில் இருக்கிறது. லேக் கார்டன்ஸ்காரர்களுக்கு ஊரின் மறுகோடி. 2021இல் மெட்ரோ தட்சிணேஸ்வரம் வரை நீண்ட பிறகு, ரவீந்திர சரோவரில் ஏறி பராநகரில் இறங்கினால் வேலை சுலபம். 1978இல் தொடங்கிய மாவட்டத் தொழில் மையங்களும் இதே காரியத்துக்குத்தான். கையை வீசிக்கொண்டு போனால் துண்டுப் பிரசுரத்தோடு திரும்ப நேரும். ஐந்து கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போய், அந்தத் தாளை மேஜையில் வைத்துவிட்டு உட்கார வேண்டும். எழுதப்பட்ட கேள்விக்கு அரசு அலுவலகத்தில் எப்போதுமே ஒரு மரியாதை உண்டு.

அமெரிக்காவில் ஓய்வுபெற்ற நிர்வாகிகள் சிறு வியாபாரிகளுக்கு இலவச ஆலோசனை சொல்வதற்காகவே 1964இலிருந்து ஸ்கோர் என்ற அமைப்பு இயங்குகிறது. இங்கே 1992இல் தொடங்கிய பாரதிய யுவ சக்தி டிரஸ்ட் இளைஞர்களுக்கு வழிகாட்டிகளை அமர்த்தித் தருகிறது. ஐம்பதைத் தாண்டிய மாமி இளைஞர் கணக்கில் வரமாட்டார். ஆனால் தெற்குக் கொல்கத்தாவில் ஆளுக்கா பஞ்சம்? இந்த ஊர்த் தமிழர்களில் ஒரு தலைமுறையே வெள்ளைக்காரக் கம்பெனிகளின் ஸ்டெனோவாகவும் அக்கவுண்டன்டாகவும் வந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் கணக்கெழுதியே ஓய்வு பெற்றார்கள். காலையில் சரோவரைச் சுற்றி நடந்தபடி மத்திய பட்ஜெட்டைத் திருத்துகிறார்கள். அவர்களில் ஒருவரை, ஞாயிற்றுக்கிழமை அரை மணி மாமியின் நோட்டைப் பார்க்கக் கேட்டேன். முதல் பக்கத்திலேயே, மாமி தன் உழைப்புக்கு ஒரு ரூபாய்கூடப் போடவில்லை என்று கண்டுபிடித்தார். பாக்கெட்டுக்கு ஐந்து ரூபாய் ஏறியது. கடைக்காரர் முணுமுணுத்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

காசு கொடுத்தே கேட்க வேண்டிய இடங்களும் உண்டு. பெயரை டிரேட் மார்க்காகப் பதிவு செய்வது ஒன்று. அதே பெயர் ஏற்கனவே இருக்கிறதா என்று பதிவகத்தின் தளத்தில் நாமே இலவசமாகத் தேடலாம். தனிநபர் இணையம் வழியாக விண்ணப்பிக்க, 2017 விதிகளின்படி ஒரு வகுப்புக்கு ரூ. 4,500 கட்டணம். ஆனால் ஆட்சேபம் என்று வந்துவிட்டால் விஷயம் தெரிந்தவர் தேவை. இன்னொன்று கூட்டு. இரண்டாம் மாடிப் பெண்ணொருத்தி மாமியோடு சேர விரும்புகிறாள். பணம் அவளுடையது, கைப்பக்குவம் மாமியுடையது. யார் எவ்வளவு போட்டார்கள், லாபம் எப்படிப் பிரியும், ஒருவர் விலகினால் கிரைண்டர் யாருக்கு என்பதை வக்கீலை வைத்து எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அவர் கேட்கும் ஃபீஸில் பேரம் பேச வேண்டாம் என்றும்.