மழைக்கால நூலுக்கு ஒரு பொது உலர்த்தி

ஐப்பசி பிறந்துவிட்டால் சாயப்பட்டறைக்காரர்களின் கண் வானத்தின் மேல்தான். சாயம் ஏறிய நூல் சிட்டங்கள் மூங்கிலில் ஈரம் சொட்டத் தொங்கும். திருத்தணியை ஒட்டிய அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை விசைத்தறிகள் நூலுக்குக் காத்திருக்கும். எல்லைக்கு அப்பால் ஆந்திராவின் நகரியிலும் புத்தூரிலும் இதே பாடுதான்.

பெரிய ஆலைகள் இதற்கு ரேடியோ அலை உலர்த்தியைப் பயன்படுத்துகின்றன. மின்தகடுகளுக்கு இடையே நூல் நகரும், பெரும்பாலும் 27.12 மெகாஹெர்ட்ஸில் மின்புலம் திசை மாறிக்கொண்டே இருக்கும். அதற்கு ஈடுகொடுக்க முயலும் நீர் மூலக்கூறுகளும் அயனிகளும் சூடாகின்றன. சூடான காற்றில் உலர்த்தினால் வெப்பம் வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். இங்கோ ஈரம் உள்ள இடத்திலேயே சூடு பிறக்கிறது. உலர்ந்த பகுதி அவ்வளவாகச் சூடேறாததால் நூல் சுற்றிய கோனின் நடுவும் ஓரமும் ஏறத்தாழ ஒரே சீராக உலரும்.

ஆனால் வெயிலுக்குக் கட்டணம் கிடையாது. ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க மட்டுமே சுமார் 0.63 யூனிட் ஆற்றல் வேண்டும்; இயந்திர இழப்பு தனி. சிறு பட்டறைக்காரர் தயங்குவது நியாயம். வேலை போய்விடுமோ என்ற உலர்த்தும் கூலியாட்களின் அச்சமும் நியாயமே. மழை நாளில் தறி நின்று கூலி இழக்கும் நெசவாளியின் குறையையும் தட்டிக்கழிக்க முடியாது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: இந்த இயந்திரம் சாயக்கழிவைச் சுத்தப்படுத்தாது. நகரியாறு கொசஸ்தலை ஆற்றில் கலந்து பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. கழிவைச் சுத்திகரிக்கும் கடமை அப்படியே நிற்கிறது.

வெயில் காலத்தில் மூங்கில், மழைக்காலத்தில் பொது உலர்த்தி என்பது எல்லோருக்கும் ஏற்புடைய ஏற்பாடாகத் தோன்றுகிறது. சிறுதொழில் குழுமங்கள் பொது வசதி மையம் அமைக்க மத்திய அரசின் திட்டம் இருக்கிறது. முதலில் சுழல் பிழிப்பானில் நீரை வடித்துவிட்டால் மின்செலவு வெகுவாகக் குறையும். உலர்த்தும் வேலை தெரிந்தவர்களையே மையத்தில் அமர்த்தலாம். ஜரிகை நூலை மட்டும் உள்ளே விடக்கூடாது. உலோக இழையில் பொறி பறக்கும். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது எல்லை மாறியது. அதற்காக நகரிப் பட்டறையின் நூலைக் கூலிக்கு உலர்த்தித் தர மறுக்க வேண்டியதில்லை.

கடன் வாங்கி அமைத்தால், கோடையில் சும்மா கிடக்கும் இயந்திரமும் வட்டி கட்ட வைக்கும். ஆகவே அந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் முன், மாதம் எத்தனை கிலோ நூல் உலர்த்துகிறோம் என்று பட்டறைக்காரர்கள் ஒரே நோட்டில் எழுதிச் சேர்க்கட்டும். எவ்வளவு பெரிய இயந்திரம் தேவை, வாங்குவதே கட்டுப்படியாகுமா என்பதை அந்தக் கணக்கை வைத்து முடிவு செய்யலாம்.