மூடிய கொல்லையைத் திறப்போம்

நம் ஊர்களில் புதிதாக வீடு கட்டுவோர் இறுதியாகச் செய்யும் வேலை ஒன்று உண்டு. வீட்டின் பின்னால் எஞ்சியிருக்கும் கொல்லையில் ஜல்லியைக் கொட்டி, சிமெண்ட் பூசி மூடிவிடுவார்கள். சேறு இராது, சருகு கூட்டும் வேலை இராது என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம்.

எங்கள் வீட்டிலும் அவ்வாறே செய்தோம். வெளிநாட்டிலிருந்து காக்கா அனுப்பிய பணத்தில், அவருடைய திருமணத்திற்கு முன்பாக, உம்மா வளர்த்த முருங்கையை வெட்டிவிட்டுத் தளம் போட்டோம். உம்மா தடுக்கவில்லை. ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்கும் கடைக்கு ஆள் அனுப்ப வேண்டியிருக்கிறதே என்று மட்டும் அவ்வப்போது சொல்வார்கள். அந்தச் சொல்லின் பொருள் எங்களுக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

முஸ்லிம் ஒருவர் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால், அது அவருக்குத் தர்மமாகும் என்னும் நபிமொழியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் அது இடம்பெற்றுள்ளது. அதிலிருந்து திருடப்படுவதும் தர்மமே என்று முஸ்லிமில் உள்ள ஓர் அறிவிப்பு கூறுகிறது. ஜும்ஆவில் இதைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு, வீடு திரும்பி மண்ணை மூடுகிறோம். தர்மம் என்றால் பணம் கொடுப்பது மட்டுமே என்று எண்ணப் பழகிவிட்டோம்.

மதீனாவில் அபூதல்ஹா (ரலி) அவர்களுக்குப் பைருஹா என்னும் தோட்டம் இருந்தது. பள்ளிவாசலுக்கு எதிரே இருந்த அத்தோட்டத்திற்கு நபி (ஸல்) அவர்கள் சென்று, அங்குள்ள நல்ல நீரை அருந்துவார்கள். நேசிப்பவற்றிலிருந்து செலவிடாதவரை நன்மையை அடைய இயலாது என்னும் கருத்துடைய இறைவசனம் (3:92) அருளப்பட்டபோது, தமக்கு மிக விருப்பமான அத்தோட்டத்தையே அல்லாஹ்வுக்காக அளிக்க முன்வந்தார்கள். நபியவர்களின் சொற்படி அதை உறவினர்களுக்குப் பங்கிட்டார்கள். இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. கொடுப்பதற்கு முன்பு, அங்கே நேசிக்கத்தக்க ஒரு தோட்டம் இருந்தது. நம் பிள்ளைகள் நேசித்துக் கொடுப்பதற்கு நாம் எதை விட்டுவைத்திருக்கிறோம்?

தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. கடலோர ஊர்களில் நிலத்தடி நன்னீரை உறிஞ்ச உறிஞ்ச உப்புநீர் உள்ளே ஏறுகிறது. ஆனால் அந்நன்னீரை மீண்டும் நிரப்ப வேண்டிய மழையைச் சாக்கடைக்கு அனுப்புவது நாம் போட்ட தளமே. 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் கட்டடங்கள் அனைத்திற்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. திறந்த மண் அந்தப் பணியைச் செலவின்றிச் செய்கிறது.

எங்கள் முதல் முயற்சி தோற்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மதிலோரமாக நான்கடி அகலத்திற்குத் தளத்தை உடைத்து, அடியில் கிடந்த கட்டடக் கழிவிலேயே கன்றுகளை நட்டு, ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரை ஊற்றினோம். இலைகள் ஓரம் கருகி, ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டுப்போயின. மறுமுறை இரண்டடி ஆழம் தோண்டிக் கழிவை அகற்றினோம். செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து நிரப்பி, வெயில் படாதவாறு மேலே சருகு பரப்பினோம். ஐப்பசி மழை தொடங்கியதும் நட்டோம்.

மழை ஓய்ந்தபின் எங்கள் தோட்டத்தைக் காத்தது உளூ நீர். அது நகராட்சிக் குழாய் நீர், சோப்புக் கலவாதது. உளூச் செய்யும் இடத்திலிருந்து ஒரு குழாயைக் கொல்லைக்குத் திருப்பினோம். ஒருவர் வேளைக்கு 3 லிட்டர் செலவிடுவதாகக் கொண்டால், நான்கு பேர் உள்ள வீட்டில் ஐவேளைக்கு 60 லிட்டர் ஆகிறது. நபி (ஸல்) அவர்களோ ஒரு முத்து, அதாவது ஏறத்தாழ முக்கால் லிட்டர் நீரில் உளூச் செய்தார்கள். ஆகவே செடிக்கென்று குழாயைக் கூடுதலாகத் திறந்துவிடலாகாது. சிக்கனமாகச் செலவிட்டு, வடிவதை வீணாக்காமல் இருப்பதே முறை.

இன்று நீர் வடியும் இடத்தில் வாழையும், அதன் நிழலில் நெய்ச்சோற்றுக்கு வேண்டிய ரம்பையும் நிற்கின்றன. மதிலோரம் முருங்கைப் போத்து மரமாகிவிட்டது. கறிவேப்பிலை, எலுமிச்சை, மருதாணி ஆகியவற்றுடன் தொட்டியில் புதினாவும் உண்டு. அரபியர் ரைஹான் என்றழைக்கும் திருநீற்றுப்பச்சையும் இருக்கிறது. நோன்புக் காலத்தில் சர்பத்தில் ஊறும் சப்ஜா விதை அதிலிருந்தே கிடைக்கிறது.

கொசு வரும் என்போருக்கு: கொசு பெருகுவது தேங்கிய நீரில்தான். தொட்டியடித் தட்டுகளை வாரம் ஒருமுறை கவிழ்த்தால் போதும். பாம்புக்கு அஞ்சுவோர் கற்குவியலையும் அடர்ந்த புதரையும் தவிர்க்கலாம். அண்டை வீட்டார் உரிமையையும் மறக்கலாகாது. அவர்கள் பக்கம் சாயும் கிளையை அவர்கள் கேட்குமுன் நாமே வெட்டிவிட வேண்டும். காய்த்ததில் அவர்களுக்கும் ஒரு பங்கு போக வேண்டும்.

நம் பெண்களை எண்ணியும் இதைச் சொல்கிறோம். வீட்டிலேயே பொழுதைக் கழிக்கும் பல தாய்மார்களுக்கு, எந்நேரமும் தயக்கமின்றிக் காற்று வாங்கக் கிடைத்த இடம் கொல்லைதான். வசதி என்ற பெயரில் அதை அனல் கக்கும் தளமாக்கினோம். இப்போது எங்கள் உம்மா அஸர் தொழுதுவிட்டுத் தஸ்பீஹுடன் முருங்கையடியில் அமர்கிறார்கள். பெருநாளுக்கு முந்தைய நாள் தெருப் பிள்ளைகள் மருதாணி பறிக்க வருகிறார்கள். கேளாமல் எலுமிச்சை பறித்து ஓடும் சிறுவர்களும் உண்டு. நாங்கள் அதட்டினால், "விடுங்கள், அதுவும் எழுதப்படும்" என்கிறார்கள் உம்மா.

கையில் ஈச்சங்கன்று இருக்கும்போது மறுமையே வந்துவிட்டாலும், இயலுமாயின் அதை நட்டுவிடுமாறு கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். அப்படியிருக்க, மழைக்கு முன் மதிலோரம் நான்கடி மண்ணைத் திறப்பது நமக்குப் பெரிய காரியமன்று. முழுக் கொல்லையும் வேண்டாம். அந்த நான்கடியில் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ். நாம் நடுபவற்றை நம் குடும்பத்தாருக்கும் அண்டை வீட்டாருக்கும் பறவைகளுக்கும் பயனுள்ளவையாக வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.