காவல் கூலியை எந்தப் பத்தியில் எழுதுவது?

"மலையடிவாரத்துல ரெண்டு ஏக்கர் சல்லிசா வருது சார், வாங்கலாமா?" மாதத்துக்கு இரண்டு பேராவது இப்படிக் கேட்கிறார்கள். பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவன் மனைவி, இல்லாவிட்டால் ஐ.டி. வேலையை விட நினைக்கும் இளம் ஜோடி. பட்டா பார்த்திருப்பார்கள், கிணற்றுத் தண்ணீர் பார்த்திருப்பார்கள், வண்டித்தடம் இருக்கிறதா என்று பார்த்திருப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "அந்தக் காட்டுல ஒரு ராத்திரி படுத்துப் பாத்தீங்களா?"

நானும் பார்க்காதவன்தான். அந்தியூருக்கு மேற்கே, பர்கூர் மலை அடிவாரத்தில் 2017-ல் நாலு ஏக்கர் வாங்கினோம். வங்கியில் இருந்த காலமெல்லாம் அடுத்தவர் நிலப் பத்திரத்தைத் துருவிப் பார்த்துக் கடன் கொடுத்தவன் நான். முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். மண் பரிசோதனை, தண்ணீர் பரிசோதனை எல்லாம் செய்தேன். வில்லங்கச் சான்றிதழில் பன்றி வராது. நிலம் ஏன் அந்த விலைக்கு வந்தது என்பது முதல் கடலைக்காய்ப் பட்டத்தில்தான் புரிந்தது.

செய்த முதல் தப்பு, வீட்டை முதலில் கட்டியது. பணிக்கொடையில் பாதி அதில் போயிற்று. வேலிக்கு நாலு பக்கமும் கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்ததோடு சரி. முள்கம்பியைப் பன்றி மதிப்பதில்லை, அடியில் மண்ணைப் பறித்துக்கொண்டு வந்துவிடும். காய் பிடித்த கடலையை இரண்டே ராத்திரியில் ஏர் ஓட்டியதுபோல் ஆக்கிவிட்டுப் போயிற்று. அடுத்த மாதம், வைத்த எழுபது தென்னம்பிள்ளையில் நாற்பத்தொன்றைத் தோண்டிக் குருத்தைத் தின்றது.

ஊரில் சொன்ன வைத்தியம் எல்லாம் செய்தோம். வங்கி ஆண்டு விழாவுக்கு எடுத்த சேலைகள்கூட வேலிக்குப் போயின. முடிவெட்டும் கடையிலிருந்து சாக்குச் சாக்காக முடி வாங்கி வந்து வரப்பில் தூவினோம். அழுகிய முட்டைக் கரைசலைப் பாட்டிலில் கட்டித் தொங்கவிட்டோம். வெடி போட்டோம். எதையும் குறை சொல்ல மாட்டேன், ஒவ்வொன்றும் பத்து நாள் வேலை செய்தது. பிறகு பன்றிக்குப் பழகிவிட்டது, அல்லது ஒரு மழையில் வாடை கழுவிப்போயிற்று. இன்னொன்றையும் நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டும். மூடாக்குப் போட்டு மண்புழு பெருகப் பெருக, புழுவைத் தின்ன வருகிற பன்றியும் பெருகுகிறது. என் தோட்டத்தில் விதைக்காத இடத்தைக்கூட மூடாக்கைப் புரட்டித் தோண்டியிருக்கிறது.

கடைசியில் பரண் கட்டி ராக்காவல். நான் நாலு மணி நேரம், என் மனைவி நாலு மணி நேரம். ஒரு புரட்டாசி ராத்திரி பரணிலிருந்து இறங்கும்போது அவருக்குக் கணுக்கால் பிசகி ஆறு வாரம் கட்டிலோடு கிடந்தார். அப்போது கேட்டார்: "ஏனுங்க, நாம வெவசாயம் பாக்க வந்தமுங்களா, வாச்மேன் வேலைக்கு வந்தமுங்களா?" மகன் சென்னையிலிருந்து, விற்றுவிட்டு வந்துவிடுங்கள் என்றான். விற்பதா வேண்டாமா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவு செய்யலாம் என்று உட்கார்ந்தேன். பழைய புத்தி.

அந்த வருடம் ஒரு ஏக்கர் கடலையில் வந்தது 58,000 ரூபாய். உழவு, விதை, எரு, களை, கொடி பிடுங்க, காய் ஆய என்று போக 24,000 மிச்சம். பரவாயில்லையே என்று தோன்றும். விதைத்த முதல் பத்து ராத்திரி, காய் பிடித்த பிறகு ஐம்பத்தைந்து ராத்திரி, ஆக 65 ராத்திரி நாங்கள் தூங்கவில்லை. ஆள் வைத்திருந்தால் ராத்திரிக்கு 500 ரூபாய். 32,500. அதாவது 8,500 நட்டம். கணுக்காலுக்கு ஆன செலவு தனி.

எனக்கு உறைத்தது இந்த நட்டம் அல்ல. பயிர்க்கடனுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று மாவட்ட அளவிலான தொழில்நுட்பக் குழு வருடாவருடம் ஒரு அட்டவணை போடும். அந்த அட்டவணையை வைத்துத்தான் நான் நூற்றுக்கணக்கான கடன்களுக்குக் கையெழுத்துப் போட்டேன். உழவுக்கு, விதைக்கு, உரத்துக்கு, அறுவடைக்கு எல்லாம் தொகை இருக்கும். ராக்காவல் என்று ஒரு வரி நான் கையாண்ட எந்த அட்டவணையிலும் இருந்ததில்லை. இல்லை என்பதையே நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை. என் எதிரில் கண் சிவந்து உட்கார்ந்திருந்த விவசாயி ராத்திரி எங்கே படுத்தார் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

இந்தக் கணக்கு எழுதப்படாததால்தான் கள்ளக் கம்பி வருகிறது என்பது என் கருத்து. "ஒரு கொக்கி போட்டா முடிஞ்சுது சார்" என்று என்னிடமே சொன்னார்கள். பக்கத்தில் ஒருவர் போட்டார். எங்கள் நாய் அதில் செத்தது. விடியற்காலம் பால் ஊற்றப் போகிற பெண் அதே வரப்பில்தான் போவார். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளிப் பக்கம் இப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் செத்து, இரண்டு குட்டிகள் தாயின்றி நின்றதை எல்லோரும் படித்தோம். கம்பி போட்டவரைக் கொலைகாரர் என்று திட்டுவது சுலபம். அவர் எத்தனை ராத்திரி விழித்திருந்தார் என்பதையும் கேட்க வேண்டும். அதற்காகக் கம்பி போட்டது சரியென்று நான் சொல்ல வரவில்லை. அது குற்றம்தான், எந்த இயற்கை விவசாயியும் அதன் பக்கம் போகக்கூடாது.

சோலார் வேலி வேறு. அதில் மின்சாரம் தொடர்ந்து ஓடாது. விநாடிக்கு ஒருமுறை, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் மட்டும் உதை வரும். சுரீர் என்று அடித்துத் தள்ளும், கொல்லாது. 2023-ல் தமிழ்நாட்டில் இதற்கென்று விதிகளே வந்துவிட்டன, பதிவு செய்துதான் போட வேண்டும். நாலு ஏக்கரைச் சுற்ற எங்களுக்கு 1,20,000 ஆயிற்று. போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அடிக்கம்பி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் போனால் பன்றி நுழையும். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் உதை இறங்கிவிடும். களைக்கொல்லி அடிக்காத நமக்கு வாரம் ஒருநாள் அரிவாளோடு சுற்றி வரும் வேலை இருக்கிறது. கோடையில் மண் காய்ந்தால் எர்த் பிடிக்காது, அந்தக் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

கம்பிக்கு வெளியே கிளுவைக் குச்சி நட்டோம். நம்மாழ்வார் ஐயா உயிர்வேலி, உயிர்வேலி என்று சொன்னபோது அழகுக்குச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். ஐந்து வருடத்தில் நெருங்கிவிட்டது. கடலையும் குச்சிக்கிழங்கும் இப்போது வீட்டை ஒட்டிய அரை ஏக்கரில் மட்டும். வெளி வட்டத்தில் எள், மிளகாய், மஞ்சள், ஓரத்தில் ஆமணக்கு. வருமானம் குறைவுதான், ஆனால் பரண் ஏறுவது வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ராத்திரியோடு நின்றுவிட்டது. யானை வந்தால் இந்த வேலி எதுவும் நிற்காது. விளக்கை அணைத்துவிட்டு வனத்துறைக்குப் போன் செய்துவிட்டு உள்ளே இருப்போம். மயிலைப் பற்றி ஆரம்பித்தால் இந்த இதழ் போதாது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2025 ஜனவரியில் ஒரு முடிவு அறிவித்தார்கள்: காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம், 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம், 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. எங்கள் தோட்டம் முந்நூறு மீட்டரில் இருக்கிறது. காடு காட்டு விலங்குக்குத்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் காட்டை ஒட்டி இருப்பவன்தான் அதிகம் இழக்கிறான், அவனுக்கு இதில் ஒன்றும் இல்லை. 3 கிலோமீட்டருக்கு அப்பால் பன்றி எப்படிப் போனது என்றும் கேட்க வேண்டும். ஓடையிலும் ஏரியிலும் சீமைக் கருவேலத்தை வளரவிட்டு அதற்கு வீடு கட்டிக் கொடுத்தது நாம்தான்.

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வனவிலங்குச் சேதத்தையும் 2026 காரிஃப் முதல் சேர்ப்பதாக ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. எந்தெந்த விலங்கு, எந்தெந்த மாவட்டம் என்று மாநில அரசு அறிவிக்க வேண்டும், சேதத்தை 72 மணி நேரத்துக்குள் செயலியில் படத்தோடு ஏற்ற வேண்டும். நல்லதுதான். ஆனால் காப்பீடு, தின்று போனதற்குத்தான் பணம் தரும். தின்னவிடாமல் விழித்திருந்தவனுக்கு எதில் தரும்?

ஆகவே நம் இயக்கம் கேட்க வேண்டியது முதலில் இதை. பயிர்க்கடன் அட்டவணையிலும், ஆதார விலைக்கான சாகுபடிச் செலவிலும் ராக்காவல் தனி வரியாக வர வேண்டும். குடும்ப உழைப்பைக் கணக்கில் எடுப்பதாகத்தான் சொல்கிறார்கள். அதில் ராத்திரி எத்தனை மணி நேரம் ஏறுகிறது என்று கேட்போம். தொழில்நுட்பக் குழுவில் விவசாயிகளும் உறுப்பினர்கள்தான், ஆனால் வெறுங்கையோடு போனால் "டேட்டா இருக்கா சார்?" என்பார்கள். நானே அப்படிக் கேட்டவன்.

இந்தப் பட்டத்தில் கடலை, மக்காச்சோளம், குச்சிக்கிழங்கு, கரும்பு வைத்திருக்கும் வாசகர்கள் ஒரு நோட்டில் மூன்று விஷயம் மட்டும் எழுதி வையுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணி நேரம், எத்தனை பேர். பெண்கள் விழித்த மணி நேரத்தைத் தனியாக எழுதுங்கள். அறுவடை முடிந்ததும் இதழ் முகவரிக்கு அனுப்பினால் போதும். கூட்டிப் போடும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.