ஓட்டுநரின் கையும் ஸ்டியரிங் விகிதமும்

ஆவடியை அடுத்த வெள்ளானூரில் பொறியியல் பயிலும் மாணவர், பந்தயக் கார் கட்ட முனைந்தால் எஞ்சினைப் பற்றியே முதலில் பேசுவர். ஸ்டியரிங் விகிதம் பின்னுக்குத் தள்ளப்படும். இது பிழையான வரிசை.

ஸ்டியரிங்கை எத்தனை பாகை சுழற்றினால் முன்சக்கரம் ஒரு பாகை திரும்பும் என்பதே அவ்விகிதம். சாலைக் கார்களில் அது ஏறத்தாழ 15. கோயம்புத்தூர் கரி பந்தயத்தளத்தில் நடைபெறும் ஃபார்முலா பாரத் போன்ற மாணவர் போட்டிகளின் வளைவுகளோ மிகக் குறுகியவை. கொண்டையூசி வளைவின் வெளிவிட்டம் 9 மீட்டர் வரை சுருங்கலாம். அங்கே சக்கரம் ஏறக்குறைய 25 பாகை திரும்ப வேண்டும். விகிதம் 15 எனில் ஸ்டியரிங்கை 375 பாகை, அதாவது ஒரு முழுச்சுற்றுக்கும் மேல், சுழற்ற வேண்டும், கைகள் பின்னிக்கொள்ளும். 5 எனில் 125 பாகையே. பிடி விடாமல் திருப்பலாம்.

அப்படியாயின் 4, 3 எனக் குறைத்துக்கொண்டே போகலாமே என்பர் சிலர். 5ஐ 4ஆக்கினால் கை தரவேண்டிய விசை கால் பங்கு கூடும். முதற்சுற்றில் துடிப்பாகத் தோன்றும் கார், ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நீடிக்கும் ஓட்டத்தில் முன்கையைக் கடுக்கச் செய்யும். சோர்ந்த கை கூம்பைச் சாய்க்கும். கூம்பு ஒன்றுக்கு 2 விநாடி தண்டம்.

கணிப்பொறி தரும் எண் தொடக்கமே. ஓட்டவிருக்கும் மாணவரையே இருக்கையில் அமர்த்தி, முழங்கை இடிக்காமல் எவ்வளவு சுழற்ற முடிகிறது என அளந்த பின்னரே பற்சக்கரத்தை அம்பத்தூர்ப் பட்டறைக்கு வெட்டக் கொடுக்க வேண்டும். வெட்டியபின் எண்ணம் மாறினால் பற்சக்கரத்தைப் புதிதாகவே செய்ய நேரும்.