விளக்கை மட்டுமா, ஏற்றியவரையும் நினைப்போம்!

பிப்ரவரி 28 வந்துவிட்டால் சர் சி. வி. இராமன் தமிழர் என்று மார்தட்டுகிறோம். தட்டுவோம், தவறில்லை. ஆனால் அம்மேதைக்கு ஆய்வுக்கூடம் கிடைத்தது எப்படி என்று நம்மில் எத்தனை பேர் கேட்டதுண்டு?

நாம் படிக்கும் இக்கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் என்றொரு மருத்துவர் வாழ்ந்தார். அறிவியலை இந்தியர் தாமே ஆராய்ந்து வளர்க்க ஒரு நிலையம் வேண்டுமென 1869-இல் எழுதினார். பலரிடமும் நன்கொடை திரட்டி, 1876-இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். விரிவுரைகள் நடந்தன, ஆராய்ச்சியே மூச்சென வருவோர்தாம் அரிதாயினர். அக்குறையோடே 1904-இல் அவர் மறைந்தார்.

1907-இல் நிதித்துறை அதிகாரியாக இங்கு வந்த 18 வயது இராமன், பௌபஜார் தெருவிலிருந்த அக்கழகத்தை நாடினார். அலுவலுக்கு முன்னும் பின்னும் அங்கேயே உழைத்தார். 1928-இல் நம் வத்திராயிருப்பு கே. எஸ். கிருஷ்ணன் துணைநிற்க அவர் கண்ட ஒளிச்சிதறல் உண்மை, 1930-இல் நோபல் பரிசை ஈட்டிற்று.

வங்கத்தான் திரட்டிய பொருள் தமிழனுக்குப் பயன்பட்டது. "நீ எந்த ஊர்?" என்று அக்கழகம் கேட்டிருந்தால் இன்று நமக்கு ஏது இப்பெருமை?

இராமனாவது எல்லோர்க்கும் இயலாது. சர்க்கார் வழியில் சிறிதேனும் நடப்பது இயலும். ஆகவே, நம் சங்க விழாச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, இந்நகரின் ஏழைப் பள்ளியொன்றுக்கு ஆய்வுக் கருவிகள் வாங்கித் தருவோம். அங்கே படிப்போர் எம்மொழியினர் என்று கேளாதிருப்போம். அதுவே இராமனுக்கும் நாம் செய்யும் சிறப்பு.