விருந்தும் மருந்தும் மூன்று நாள்

மூன்றே நாள், கையில் ஒரு சிறு பை, மத்தியதரைக் கடலில் ஒரு தீவு. பயணத் திட்டம் தீட்டுக! இவ்வாண்டு எங்கள் புவியியல் வகுப்பில் தரப்பட்ட பயிற்சி இது. நாங்கள் தேர்ந்துகொண்டது மால்டா. ஐரோப்பிய மக்கள் சிறு விடுமுறையில் விமானமேறிப் போய்வரும் தீவுகளுள் அதுவும் ஒன்று. இலண்டனிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம். உரோமையிலிருந்து ஒன்றரை மணி நேரம். நாங்கள் உரோமையிலிருந்து புறப்படுவதாக வைத்துக்கொண்டோம்.

முதலில் எழுதிய திட்டத்தைப் பார்த்தால் இப்போது எங்களுக்கே சிரிப்பு வருகிறது. மூன்று நாளில் பத்தொன்பது இடங்கள்! எல்லாத் தீவுகளும் சேர்ந்தே 316 சதுர கிலோமீட்டர்தானே, சுற்றி முடித்துவிடலாம் என்று எண்ணினோம். தாளைப் படித்த எங்கள் அருட்சகோதரி எதையும் அடிக்கவில்லை. “இதில் அந்த ஊர்க்காரர் ஒருவரையாவது எங்கே சந்திக்கிறீர்கள்?” என்று மட்டும் ஓரத்தில் எழுதியிருந்தார்கள். எங்களிடம் விடை இல்லை.

அந்தக் கேள்விதான் எங்களை அப்போஸ்தலர் பணி நூலின் 28-ஆம் அதிகாரத்துக்கு அழைத்துச் சென்றது. பவுல் என்னும் புனித சின்னப்பர் கைதியாக உரோமைக்குப் போகும் வழியில், புயலில் கப்பல் உடைந்து, 276 பேர் கரையேறிய தீவு மால்டா. மழையிலும் குளிரிலும் நடுங்கியவர்களுக்குத் தீவினர் தீ மூட்டிக் கொடுத்தார்கள். தீவின் தலைவர் புப்லியு அவர்களை வரவேற்று மூன்று நாள் விருந்தளித்தார். காய்ச்சலாகக் கிடந்த அவருடைய தந்தையைச் சின்னப்பர் செபித்துக் குணமாக்கினார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் பெரியோர் சொல்வது விருந்தாளிக்கு விடுக்கும் எச்சரிக்கை என்றே இதுவரை எண்ணியிருந்தோம். வீட்டுக்காரர் விருந்து தரும்போது, வந்தவர் மருந்தாக இருக்க வேண்டும் என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம் அல்லவா?

இன்று அத்தீவுக்கு வருகிறவர்கள் எப்படி இருக்கிறார்கள்? மால்டாவின் மக்கள்தொகை ஐந்தரை இலட்சம் அளவே. 2024-ஆம் ஆண்டில் அங்கு வந்த பயணிகளோ முப்பத்தைந்து இலட்சத்துக்கும் மேல். அங்கே ஆறு என்று சொல்ல ஒன்றுமில்லை. குடிநீரில் பாதிக்கும் மேல் கடல்நீரிலிருந்து உப்பை நீக்கிப் பெறுவது. விடுதியில் நாம் திறந்து விடும் குழாயில் வருவது அந்த நீர்தான். கோமினோ என்னும் குட்டித்தீவின் நீலக் கடற்கழியில் நெரிசல் மிகுந்ததால், 2025-இல் முன்பதிவு முறை கொண்டுவந்தார்கள். ஹால் சஃப்லியேனி என்னும் பழங்கால நிலவறைக் கல்லறைக்குள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ எண்பது பேருக்குத்தான் அனுமதி. உள்ளே வருகிறவர்களின் மூச்சுக்காற்றே சுவரிலுள்ள செங்காவி ஓவியங்களைக் கெடுத்துவிடுமாம்! விருந்தாளியின் மூச்சும் வீட்டுக்குக் கேடு செய்யலாம் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

“பணம் கொடுத்துப் போகிறவர்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டாமா? பயணிகளால்தானே அங்கே பலருக்குப் பிழைப்பு?” என்று எங்களுள் சிலர் வாதிட்டனர். பிழைப்பு என்பது உண்மையே. ஆகவே போகவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் பத்தொன்பது இடங்களுக்கு ஓடுகிறவர் வண்டியிலும் வரிசையிலுமே நாளைக் கழிக்கிறார். எதைப் பார்ப்பது என்பதைவிட எதை விடுவது என்று முடிவு செய்வதே நல்ல திட்டம் என்பது எங்கள் கருத்து.

ஆகவே திட்டத்தைத் திருத்தி எழுதினோம். வெயிலும் கூட்டமும் மிகுந்த ஜூலை, ஆகஸ்டு மாதங்களை விட்டு ஏப்ரலைத் தேர்ந்தோம். முதல் நாள் தலைநகர் வல்லெத்தாவில் நடை. அங்குள்ள புனித அருளப்பர் பேராலயத்தில் ஒரே ஓவியத்தின் முன் அரைமணி நேரம். ஸ்நாபக அருளப்பர் தலை வெட்டுண்ட காட்சியை 1608-இல் கரவாஜியோ அங்கே தீட்டினார். அவர் கையொப்பமிட்ட ஒரே ஓவியம் அது, அதுவும் வழிந்தோடும் இரத்தத்திலேயே! இரண்டாம் நாள் படகேறி கோசோ தீவுக்கு. எகிப்தின் பிரமிடுகளுக்கும் முந்திய ஜிகந்தியா கற்கோயில்கள் மட்டும். மூன்றாம் நாள் இரபாத்து ஊரில் சின்னப்பர் தங்கியதாக மக்கள் போற்றும் குகை. மாலையில் ஊர்க்கோயில் முற்றத்தில் உட்கார்ந்திருத்தல். அதற்கு எதிரே வேறு எதுவும் எழுதவில்லை. ஆலயத்துக்கு ஏற்ற உடை, அளந்து செலவழிக்கும் நீர், நன்றி சொல்ல ‘கிராத்சி’ என்ற மால்டியச் சொல் ஆகியவற்றைப் பையில் வைக்கும் பொருள்களோடு சேர்த்து எழுதினோம்.

எங்களில் யார் என்றாவது அத்தீவை நேரில் காண்போமோ, இறைவனே அறிவார். ஆனால் உறவினர் வீட்டுக்கோ அயலூர்த் திருவிழாவுக்கோ நாம் எல்லோரும் போகிறோம். அங்கிருந்து திரும்பும்போது என்னென்ன பார்த்தோம் என்று எண்ணுவதோடு நில்லாமல், நாம் வந்து போனதால் அந்த வீட்டுக்கு என்ன நன்மை என்றும் நம்மையே கேட்டுக்கொள்வோமாக. புப்லியுவின் வீட்டில் தங்கிய கைதி அந்தக் கேள்விக்கு விடை வைத்துவிட்டுப் போனார்.